அரை அங்குலப் பலகையை நம்பி ஒரு பிளக் பெட்டி

குடிபுகுந்த வீட்டின் ட்ரைவால் சுவரில், அதாவது ஜிப்சம் பலகை அடித்த சுவரில், புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் வைக்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: சாக்கெட்டைச் சுவருக்குள் தாங்கும் பெட்டியை எதில் பிடிக்க வைக்கப்போகிறீர்கள்? பெரும்பாலானோருக்கு ஒயரைப் பற்றித்தான் கவலை. எந்த நிற ஒயர் எந்தத் திருகில் சேரும் என்பதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு வருகிறார்கள். அது தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் என் வீட்டிலும் நான் கைகொடுக்கப் போன நண்பர்களின் வீடுகளிலும், சில ஆண்டுகளிலேயே ஆட்டம் கண்ட பிளக் பாயிண்டுகளைத் திறந்து பார்த்தபோது, குறை பெரும்பாலும் சுவரில் போட்ட ஓட்டையில்தான் இருந்தது.

நான் பேசுவது அமெரிக்காவில் பரவலாக இருக்கும் மரச் சட்டக வீடுகளைப் பற்றி. கட்டும்போதே வைக்கும் பெட்டியை, சுவர் மூடப்படுவதற்கு முன்பு மரச் சட்டத்தில் ஆணி அடித்து நிறுத்திவிடுவார்கள். பிறகுதான் பலகை வந்து அதைச் சுற்றி மூடும். பிளக்கை எத்தனை ஆண்டுகள் பிடுங்கிச் சொருகினாலும் அந்த ஆணி தாங்கும். மூடிய சுவரில் நாம் பிறகு வைக்கும் பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. அது தொற்றிக்கொண்டிருப்பது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் கனமுள்ள ஜிப்சம் பலகையில் மட்டுமே. ஜிப்சம் நகத்தால் கீறினாலே பொடியாகும் கனிமம். பலகைக்குப் பலம் தருவது அதன் இருபுறமும் ஒட்டியிருக்கும் காகிதம். ஓட்டையின் ஓரத்தில் அந்தக் காகிதம் கிழிந்துவிட்டால் அங்கே மிஞ்சுவது வெறும் ஜிப்சத் தூள்தான்.

இதற்கென்றே விற்கும் பெட்டியைக் கடையில் ‘ஓல்ட் ஒர்க்’ பெட்டி அல்லது ‘ரீமாடல்’ பெட்டி என்று கேட்க வேண்டும். வாங்கியதும் சுவரருகே போகாமல், கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். முன்புறம், மேலும் கீழும் மெல்லிய விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அது ஓட்டைக்குள் போகாது, பலகையின் முகத்தில் உட்காரும். பெட்டியின் உடலை ஒட்டி நீளமான திருகுகள் ஓடும். ஒவ்வொரு திருகின் பின்முனையிலும் ஒரு சிறிய இறக்கை, உடலோடு சேர்ந்து மடங்கிக் கிடக்கும். திருகை வலப்பக்கமாகத் திருப்பினால் கால் சுற்றிலேயே இறக்கை எழுந்து வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலும் திருப்பத் திருப்ப அது எழுந்த நிலையிலேயே முன்னோக்கி ஊர்ந்து வந்து பலகையின் முதுகைக் கவ்வும். முன்னால் விளிம்பு, பின்னால் இறக்கை, நடுவில் பலகை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிளக்கைச் சொருகும்போது கையின் அழுத்தம் முன் விளிம்பின் மேல் விழுகிறது. விளிம்பு நீளமானது, அழுத்தத்தைப் பரப்பிவிடும். பிளக்கைப் பிடுங்கும்போதோ இழுவை முழுவதும் அந்த இறக்கைகளின் மேல் வருகிறது. ஒவ்வொரு இறக்கையும் பலகையைத் தொடும் இடம் கட்டைவிரல் நகத்தின் அளவுகூட இராது. அந்தச் சிறு இடத்தில் ஓட்டை கொஞ்சம் அகன்றுவிட்டாலோ, பின்புறக் காகிதம் பிய்ந்து தொங்கினாலோ, இறக்கைக்குப் பிடிமானம் போய்விடும். வெளியே மூடித் தகடு எல்லாவற்றையும் மறைத்துவிடுவதால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் வேக்குவம் கிளீனரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகு பெட்டி முன்னால் வரத் தொடங்கும். பெட்டி ஆடினால் சாக்கெட் ஆடும், சாக்கெட் ஆடினால் திருகில் பிடித்த ஒயர் நாளடைவில் தளரும். தளர்ந்த இணைப்பு சூடாகும். ஓட்டையின் அளவைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே ரம்பத்தைத் தொடுவதற்கு முன்பு சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே நிற்பது 2க்கு 4 என்று சொல்லப்படும் மரச் சட்டங்கள். பெயர் அப்படி இருந்தாலும் உண்மையான அளவு 1.5 அங்குலத்துக்கு 3.5 அங்குலம். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு வழக்கமாக 16 அங்குலம், சில சுவர்களில் 24. எனவே 16 அங்குல இடைவெளியில் நமக்குக் கிடைக்கும் இடம் 14.5 அங்குல அகலமும் 3.5 அங்குல ஆழமும்தான். அந்த ஒடுங்கிய இடத்துக்குள் கேபிள், தண்ணீர்க் குழாய், கழிவுக் காற்றுக் குழாய், கண்ணாடி இழைப் பஞ்சு, நெருப்பு மேலேறாமல் தடுக்கக் குறுக்கே அடித்த மரத் துண்டு என எதுவும் இருக்கலாம்.

சட்டங்களைக் கண்டுபிடிக்க எனக்கு மிகவும் நம்பிக்கையான கருவி ஒரு சிறிய, வலுவான காந்தம். பலகையைச் சட்டத்தில் பிடித்திருக்கும் திருகுகள் பட்டிக்கும் பெயின்டுக்கும் அடியில் மறைந்திருக்கும். காந்தத்தைச் சுவரில் மெதுவாகத் தடவிக்கொண்டு போனால் திருகு இருக்கும் இடத்தில் அது தானாக ஒட்டி நிற்கும். அதற்கு நேர் மேலேயோ கீழேயோ இன்னொரு திருகு சிக்கினால் அந்த நேர்க்கோடு ஒரு சட்டம். இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலும் பட்டி பூசிய திருகுத் தலைகள் மெல்லிய மேடாகவோ பள்ளமாகவோ தெரியும். மின்னணுக் கருவிகளும் உதவும். ஆனால் குழாயும் மரமும் அவற்றுக்கு ஒன்றாகத் தெரிவதுண்டு. வீடு கட்டும்போதே வைத்த பிளக் பாயிண்ட் ஒன்றும் துப்புக் கொடுக்கும். அதன் பெட்டி வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு சட்டத்தில்தான் அடிக்கப்பட்டிருக்கும்.

பெட்டி எங்கே வரப்போகிறது என்று முடிவானதும், வெட்டப்போகும் பகுதிக்குள்ளேயே, நடுவில், 6 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு துளை போடுங்கள். துணி மாட்டும் கம்பியை நேராக்கி, முனையிலிருந்து மூன்று நான்கு அங்குலத்தில் செங்கோணமாக மடக்கி உள்ளே விட்டு முழு வட்டமாகச் சுற்றுங்கள். எங்கும் தட்டாமல் சுற்றினால் பெட்டிக்கும் இறக்கைகளுக்கும் இடம் இருக்கிறது. ஒரு நண்பரின் வீட்டில், குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் இப்படித்தான் பார்த்தோம். வலப்பக்கம் கம்பி தாராளமாகப் போனது. இடப்பக்கம் பாதியிலேயே எதன்மீதோ மோதியது. சட்டம் இருக்க வேண்டிய இடம் அதுவல்ல. கம்பியால் மெல்லத் தட்டியபோது மரத்தின் மொத்தை ஒலி வரவில்லை, உள்ளே வெறுமையான பொருளின் ஒலி வந்தது. மேலே கூரைவரை போகும் கழிவுக் காற்றுக் குழாய். துளையில் கொஞ்சம் பட்டியை அழுத்திவிட்டு, பெட்டியைச் சட்டத்துக்கு அடுத்த பக்கம் மாற்றிக்கொண்டோம். முழு ஓட்டையையும் வெட்டிவிட்டுப் பார்த்திருந்தால் பலகையை ஒட்டுப்போட வேண்டியிருந்திருக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சட்டத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலமாவது தள்ளிப் போவது நல்லது. இறக்கை விரிய இடம் வேண்டும். அல்லது நேர்மாறாக, வேண்டுமென்றே சட்டத்தை ஒட்டியே ஓட்டையை வெட்டலாம். உள்பக்கத்திலிருந்து சாய்வாகத் திருகு போட்டு மரத்திலேயே இறுக்கும் பெட்டிகள் கிடைக்கின்றன. அடிக்கடி பிளக்கைப் பிடுங்கும் இடம் என்றால், அயர்ன் பாக்ஸோ வேக்குவம் கிளீனரோ போடும் இடம் என்றால், நான் இந்த வகையைத்தான் போடுவேன். மேசைக்குப் பின்னால், கட்டிலுக்குப் பின்னால், ஒருமுறை சொருகிவிட்டு மறந்துவிடும் இடங்களுக்கு இறக்கைப் பெட்டி தாராளமாகப் போதும்.

இனி மின்சாரத்தை அணைப்பது. புது ஒயரை எந்தப் பாயிண்டிலிருந்து எடுக்கப்போகிறோமோ அதன் பிரேக்கரை மட்டும் அணைத்தால் போதாது. நாம் வெட்டப்போகும் சுவருக்குள் வேறு சர்க்யூட்டின் கேபிளும் போகலாம். சுவரின் இரு பக்கத்திலும் உள்ள பாயிண்டுகள், சுவிட்சுகள் எல்லாவற்றின் பிரேக்கரையும் அணைத்துவிட்டுத்தான் நான் வெட்டுவேன். அணைத்த பிறகு டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இன்னொரு பாயிண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு நம் பாயிண்டில். பிறகு மறுபடியும் மின்சாரம் உள்ள பாயிண்டில். நடுவில் டெஸ்டரின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால் அந்த மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும். தொடாமலே ஒளிரும் பேனா டெஸ்டர் முதல் பார்வைக்குச் சரி. ஒயரைத் தொடும் முன் இரண்டு முனையுள்ள டெஸ்டராலோ மல்டிமீட்டராலோ பார்த்துவிடுங்கள். சாக்கெட்டின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு பாதி சுவர் சுவிட்சின் கட்டுப்பாட்டில் இருப்பதுண்டு. இரண்டு பாதிக்கும் வெவ்வேறு சர்க்யூட்டிலிருந்து மின்சாரம் வருவதும் உண்டு.

பழைய வீடுகளில் மூன்று காரணங்களுக்காக வேலையை நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல். சுவர் இணைப்புகளில் பூசும் பட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்டது 1977இல். அதற்கு முந்திய சுவர் என்றால் வெட்டுவதற்கு முன்பே சோதனை செய்துகொள்ளுங்கள். ரம்பம் கிளப்பும் தூசியில் அவை இருந்தால் வீடு முழுக்கப் பரவும். மூன்றாவது, 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம்வரை கட்டிய வீடுகள் சிலவற்றில் அலுமினிய ஒயர் போட்டிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து செம்பு நிறத்துக்குப் பதிலாக மங்கிய வெள்ளி நிறத்தில் ஒயர் தெரிந்தால் மூடிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அலுமினியத்தோடு செம்பைச் சேர்க்கத் தனி இணைப்பிகள் வேண்டும். அது நாம் கற்றுக்கொண்டே செய்து பார்க்கும் வேலை அல்ல.

அனுமதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஊர்களில் புதுப் பிளக் பாயிண்ட் வைக்க உள்ளூர் கட்டட அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சொந்த வீட்டில் உரிமையாளரே வேலை செய்ய இடம் கொடுக்கும் ஊர்கள் உண்டு, கொடுக்காத ஊர்களும் உண்டு. வாடகை வீடு என்றால் பேச்சே இல்லை. ஆய்வாளர் வந்து பார்ப்பதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். நம்மைவிட நூறு மடங்கு பெட்டிகளைத் திறந்து பார்த்த ஒருவர் நம் வேலையைச் சும்மா பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார் என்றால் அது லாபம்தான். படுக்கையறை, கூடம் போன்ற இடங்களில் இருக்கும் சர்க்யூட்டை நீட்டிப் புதுப் பாயிண்ட் சேர்த்தால், தீப்பொறியை உணர்ந்து அணைக்கும் ஏஎஃப்சிஐ பாதுகாப்பு வேண்டும் என்று தேசிய மின் விதிகள் சொல்கின்றன. குழந்தைகள் எதையாவது சொருகினாலும் திறக்காத, உள்ளே மூடி வைத்த சாக்கெட்டைத்தான் வீடுகளில் போட வேண்டும் என்ற விதி 2008 பதிப்பிலிருந்து இருக்கிறது. எந்தப் பதிப்பு உங்கள் ஊரில் நடைமுறையில் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது வெட்டும் வேலை. அதே அறையில் இருக்கும் பாயிண்டின் உயரத்துக்குச் சமமாகப் புதியதை வையுங்கள். தரையிலிருந்து அளப்பதைவிட, பழைய பாயிண்டிலிருந்து ரசமட்டம் வைத்துக் கோட்டைக் கொண்டுபோவது நல்லது, ஏனென்றால் தரை எல்லா இடத்திலும் மட்டமாக இருப்பதில்லை. சில பெட்டிகளோடு காகித அச்சு வரும். இல்லாவிட்டால் பெட்டியின் முதுகைச் சுவரில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையலாம். வரைய வேண்டியது உடலை, விளிம்பை அல்ல. பெட்டியின் முகம் சுவரில் படும்படி வைத்து வரைந்தால் விளிம்பின் அளவுதான் பதியும்; அந்தக் கோட்டில் வெட்டினால் பெட்டி முழுவதும் உள்ளே விழுந்துவிடும். எண்களை நம்பி அளந்து வரைவதும் வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியின் பெட்டியும் அளவில் கொஞ்சம் வித்தியாசப்படும்.

வரைந்த பிறகு ரம்பத்தை எடுப்பதற்கு முன் பிளேடு கத்தியால் கோட்டின் மேல் ஒருமுறை ஆழமாகக் கீறிவிடுங்கள். முன்புறக் காகிதம் அங்கேயே அறுபட்டுவிடும். இந்த ஒரு காரியத்தைச் செய்தால் பெயின்டும் காகிதமும் கோட்டைத் தாண்டிப் பிய்ந்து வராது. பிறகு கூர்முனையுள்ள சிறிய ட்ரைவால் ரம்பத்தைக் கோட்டுக்குச் சற்று உள்ளே வைத்துக் கைப்பிடியை உள்ளங்கையால் தள்ளினால் உள்ளே இறங்கும். ரம்பத்தின் முனையிலிருந்து ஓர் அங்குலத்தில் டேப் சுற்றி வைத்துக்கொள்வது என் வழக்கம். பலகை அரை அங்குலம்தான்; அந்த டேப்பைத் தாண்டி ரம்பத்துக்கு உள்ளே வேலை இல்லை. சட்டத்தின் ஊடே போகும் கேபிள் அதன் முகத்திலிருந்து 1.25 அங்குலமாவது பின்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் எஃகுத் தகடு அடித்துக் காக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இடைவெளியில் தொங்கும் கேபிள் பலகையின் முதுகைத் தொட்டுக்கொண்டேகூட இருக்கலாம். அதனால்தான் சிறு அடியாக, முனையை எங்கேயும் அழுத்தாமல் அறுக்க வேண்டும். அதிரும் பல்நோக்கு ரம்பம் கையில் இருந்தால் இன்னும் நல்லது. அது நேராக உள்ளே இறங்கி நேராக வெளியே வரும், மூலைகளைச் சிதைக்காது.

நான்கு பக்கமும் அறுத்ததும் துண்டைப் பின்னால் தள்ளாதீர்கள். தள்ளினால் பின்புறக் காகிதம் ஓட்டையைத் தாண்டி நீளமாக உரியும். இறக்கை வந்து கவ்வப்போகும் இடமே அதுதான். துண்டின் நடுவில் போட்ட சிறு துளையில் கம்பியைக் கொக்கிபோல் மாட்டி முன்பக்கமாக இழுத்து எடுங்கள். பிறகு பெட்டியை வைத்துப் பாருங்கள். போகாது. போகாமல் இருப்பதுதான் நல்லது. எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் கத்தியால் ஓரத்தைச் சீவி, மறுபடியும் வைத்துப் பார்த்து, மறுபடியும் சீவி, கையால் அழுத்தினால் இறுக்கமாக உள்ளே நழுவும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். திருகுகள் ஓடும் மூலைகளில் உடல் சற்றுப் புடைத்திருக்கும். அங்கே மட்டும் சிறு வெட்டு வேண்டும். இந்தச் சீவலில் நேரம் போகட்டும். சீவியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. வாய்க்கும் மூக்குக்கும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஒருவர் வேக்குவம் குழாயை ரம்பத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டால் அறை வெள்ளையாகாது.

கேபிளைக் கொண்டுவரும் வழியில் என் அறிவுரை ஒன்றே: குறுகிய வழியைத் தேடுங்கள். பின்பக்க அறையில், அதே இரு சட்டங்களுக்கு இடையில் ஏற்கெனவே ஒரு பாயிண்ட் இருந்தால் எந்த மரத்தையும் துளைக்காமல் அங்கிருந்து எடுத்துவிடலாம். இரண்டு பெட்டிகளும் நேருக்கு நேர் முதுகைக் காட்டி நிற்கக் கூடாது, 3.5 அங்குல ஆழத்துக்குள் இரண்டு பெட்டிகளும் அடங்காது, ஒலியும் ஒரு அறையிலிருந்து மறு அறைக்கு எளிதாகப் போகும். சில அங்குலம் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். அடுத்த நல்ல வழி, கீழ்த்தளமோ பரணோ இருந்தால் அந்தப் பக்கமாகச் சுவரின் அடிமரத்தையோ மேல்மரத்தையோ துளைத்து எடுப்பது. பக்கவாட்டில் சட்டம் சட்டமாகத் துளைத்துக்கொண்டு போவது கடைசி வழி. அதற்குச் சுவரடி மரப்பட்டையைக் கழற்றிவிட்டு, அதற்குப் பின்னால் பலகையை நீளவாக்கில் வெட்டி வேலை செய்தால், முடிந்ததும் பட்டையே எல்லாவற்றையும் மறைத்துவிடும். சுவருக்குள் இழுத்து விடும் கேபிளுக்கு வழியெல்லாம் கிளிப் அடிக்க வேண்டியதில்லை என்று விதியே சலுகை தருகிறது, ஏனென்றால் மூடிய சுவருக்குள் அது நடக்காத காரியம். அதற்குப் பதிலாகப் பெட்டியின் வாயில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு கேபிளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேபிளை உள்ளே விட்ட பிறகு வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள், நாக்கு பிடித்து நிற்க வேண்டும்.

கேபிளின் கனம் பிரேக்கரைப் பார்த்து முடிவாவது. 15 ஆம்பியருக்கு 14 கேஜ் செம்பு, 20 ஆம்பியருக்கு 12 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் ஒயரின் கனம் கூடும்). 20 ஆம்பியர் பிரேக்கரில் 14 கேஜைச் சேர்த்தால் பிரேக்கர் விழுவதற்கு முன்பே ஒயர் சூடாகும். இப்போது விற்கும் கேபிளில் 14க்கு வெள்ளை உறை, 12க்கு மஞ்சள். பழைய கேபிள்களில் இந்த நிற வழக்கம் கிடையாது; உறையில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படியுங்கள். சமையலறை மேடைக்கும் குளியலறைக்கும் துணி துவைக்கும் அறைக்கும் தனியாகப் போட்ட சர்க்யூட்டுகளிலிருந்து மற்ற அறைகளுக்கு எடுக்காதீர்கள்.

பெட்டியின் கொள்ளளவைப் பலரும் பார்ப்பதில்லை. கன அங்குலத்தில் அது பெட்டிக்குள்ளேயே பொறித்திருக்கும். கணக்கு எளிது. 14 கேஜ் ஒயர் ஒவ்வொன்றுக்கும் 2 கன அங்குலம், 12 கேஜ் ஒயருக்கு 2.25. சாக்கெட்டை இரண்டு ஒயராகவும், எர்த் ஒயர்கள் நான்குவரை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒயராகவும் எண்ண வேண்டும். 14 கேஜில் ஒரு கேபிள் வந்து இன்னொரு கேபிள் போகிறது என்றால் ஃபேஸும் நியூட்ரலுமாக நான்கு, எர்த்துக்கு ஒன்று, சாக்கெட்டுக்கு இரண்டு, ஆக ஏழு. 14 கன அங்குலம். நான் 18, 20 கன அங்குலத்துக்குக் குறைந்த பெட்டியை வாங்குவதே இல்லை. பழைய பாயிண்டிலிருந்து எடுக்கும்போது அந்தப் பழைய பெட்டிக்கும் இதே கணக்கைப் போட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். ஏற்கெனவே இரண்டு கேபிள் இருக்கும் சிறிய பெட்டிக்குள் மூன்றாவதைத் திணிக்க இடம் இருக்காது. அங்கே வேறு பாயிண்டைத் தேடுவதே சரி.

கேபிளின் வெளியுறை பெட்டிக்குள் கால் அங்குலமாவது வந்திருக்க வேண்டும். உறை உரித்த இடத்திலிருந்து ஒயர் ஆறு அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும், பெட்டியின் வாய்க்கு வெளியே மூன்று அங்குலமாவது எட்ட வேண்டும். குட்டையாக வெட்டிய ஒயரோடு போராடும் கை எதையும் இறுக்கமாகக் கட்டாது. பெட்டியைச் சுவரில் இறுக்குவதற்கு முன்பே கேபிளை அதன் வாய்க்குள் விட்டுவிடுங்கள். பிறகு விடுவது பெரும்பாடு.

பெட்டியை ஓட்டைக்குள் தள்ளி, விளிம்பு சுவரில் பதிந்த பிறகு, கையால் திருப்பும் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். மின்சார டிரில்லைத் தொடவே வேண்டாம். முதல் கால் சுற்றில் இறக்கை எழும்போது கையில் சிறு தளர்வு தெரியும், பிறகு பல சுற்றுகள் இலகுவாக ஓடும். இறக்கை பலகையைத் தொட்டதும் திருகு கனமாகும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கி, பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கால் சுற்று திருப்பினாலும் இறக்கை பலகையின் முதுகை நொறுக்கிக்கொண்டு உள்ளே புதையும், அல்லது இறக்கையே உடையும். டிரில்லால் இறுக்கும்போது அந்தக் கனம் கைக்குத் தெரிவதற்குள் ஜிப்சம் பொடியாகிவிடும். திருகு எவ்வளவு திருப்பியும் கனமாகாவிட்டால் இறக்கை எழவில்லை, அல்லது உள்ளே பஞ்சிலோ மரத்திலோ சிக்கியிருக்கிறது. திருகைப் பின்னோக்கித் திருப்பிப் பெட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள்.

பெட்டிக்கும் பலகைக்கும் நடுவே எட்டில் ஒரு அங்குலம், ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக் கூடாது என்பது விதி. பெட்டிக்குள் தீப்பொறி பறந்தால் அது சுவருக்குள் போகாமல் தடுப்பதற்காக இந்த விதி. ஜிப்சத்துக்குள் தண்ணீர் வேதிப் பிணைப்பில் அடங்கியிருக்கிறது, எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நெருப்பில் அந்தத் தண்ணீர் ஆவியாகும்வரை பலகை பின்னால் இருக்கும் மரத்தைக் காக்கும். சந்து விட்டால் அந்தக் காவலில் ஒரு வாசலைத் திறந்து வைத்தது போலாகும். சந்து இருந்தால் பட்டி வைத்து அடைத்துவிடுங்கள்.

சாக்கெட்டை இணைப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எர்த் ஒயரைப் பச்சைத் திருகில் முதலில் பிடியுங்கள். வெள்ளை நியூட்ரல் வெள்ளி நிறத் திருகுக்கு, கறுப்பு ஃபேஸ் பித்தளை நிறத் திருகுக்கு. ஒயரின் முனையைக் கொக்கியாக வளைத்து, திருகு இறுகும் திசையிலேயே, அதாவது வலமாகச் சுற்றி மாட்டினால் இறுக்கும்போது ஒயர் உள்ளே இழுபடும். பின்புறத் துளையில் வெறுமனே குத்திச் சொருகும் வசதியை நான் பயன்படுத்துவதில்லை. ஸ்பிரிங் பிடிமானத்தைவிடத் திருகின் பிடிமானத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். இரும்புப் பெட்டி வைத்திருந்தால் பெட்டிக்கும் எர்த் கொடுக்க வேண்டும்.

முன்பு குடியிருந்தவர் வெட்டிவிட்டுப் போன பெரிய ஓட்டையில் பெட்டி ஆடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஓட்டை ஒரு பக்கம் மட்டும் அகன்றிருந்தால், இரும்புப் பெட்டியின் இரு பக்கத்திலும் சொருகி மடக்கும் மெல்லிய தகரப் பட்டைகள் உதவும். அவை இறக்கையைவிட நீளமான பரப்பில் பலகையைப் பிடிக்கும். ஓட்டை எல்லாப் பக்கமும் சிதைந்திருந்தால் பெரிய மூடித் தகடு போட்டு மறைப்பதை நான் ஏற்கமாட்டேன். கண்ணுக்கு மறையும், ஆட்டம் போகாது. சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் இரண்டு மரத் துண்டுகளை வைத்துப் பலகை வழியாகத் திருகு போட்டுப் பிடித்து, புதுப் பலகைத் துண்டை அந்த மரத்தில் திருகி, நாடா ஒட்டிப் பட்டி பூசிக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு, முதல்முறை வெட்டுவது போலவே, அந்தப் புதுப் பலகையில் சரியான அளவில் வெட்டலாம். முன்பே தெரிந்திருந்தால், ஒட்டுப்போடும்போதே மரத் துண்டைப் பெட்டியின் ஓரத்துக்கு வரும்படி வைத்துப் பெட்டியை அந்த மரத்திலேயே திருகிவிடலாம். அதற்குப் பிறகு அந்தப் பாயிண்ட் அசையாது.

சில சுவர்களில் கை வைக்க வேண்டாம். கார் நிறுத்தும் அறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவர், இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் சுவர் ஆகியவை நெருப்பைத் தடுக்கக் கட்டியவை. அவற்றில் என்ன பெட்டி, எவ்வளவு இடைவெளியில், எந்த அடைப்போடு என்பதற்குத் தனி விதிகள் உண்டு. வெளிச்சுவரில் பஞ்சும் ஈரம் தடுக்கும் தாளும் இருக்கும். தாளைக் கிழித்தால் பெட்டியைச் சுற்றி அடைத்தாக வேண்டும். மேற்கூரைப் பலகையில் இறக்கைப் பெட்டி வைத்து மின்விசிறியைத் தொங்கவிடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள், அதற்கு மரத்தில் பிடிக்கும் தனிப் பெட்டி இருக்கிறது. கடையில் பெட்டிகளுக்கு அருகிலேயே, முதுகு இல்லாத வெறும் சட்டம் ஒன்று விலை குறைவாகத் தொங்கும். அது தொலைக்காட்சி, இணைய ஒயர்களுக்கு மட்டும்தான். வீட்டு மின்சார ஒயரை அதில் ஒருபோதும் முடிக்கக் கூடாது.

பிரேக்கரைப் போட்டதும் மூன்று விளக்குள்ள சாக்கெட் சோதனைக் கருவியைச் சொருகி ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய பாயிண்டையும் மறுபடி சோதியுங்கள். அதையும் நாம் திறந்து மூடியிருக்கிறோம். பிறகு இறுக்கமான பிளக் ஒன்றைச் சொருகி, இடது கையின் விரல்களை மூடித் தகட்டின் ஓரத்தில் சுவரையும் தகட்டையும் சேர்த்துத் தொடும்படி வைத்துக்கொண்டு, வலது கையால் வெடுக்கென்று பிடுங்குங்கள். தகடு சுவரைவிட்டு நகர்வது விரலுக்குத் தெரிந்தால் பிரேக்கரை மறுபடி அணைத்துவிட்டு, தகட்டையும் சாக்கெட்டையும் கழற்றி, இறக்கைத் திருகைப் பாருங்கள். நகரவில்லை என்றால் தகட்டின் உள்பக்கத்தில் பிரேக்கரின் எண்ணை எழுதி மூடிவிட்டு, பிரேக்கர்கள் இருக்கும் பேனலின் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலிலும் புதுப் பாயிண்டைச் சேர்த்துவிடுங்கள்.